அல்போன்ஸின் ஒருசந்தி

சாவியோ பயந்தாங்கொள்ளி இல்லை. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கொட்டுகிற மழையில் மூன்று டன் இரும்புச் சுருளைத் தூக்கிக்கொண்டு ரிவர்ஸில் வருவான், வாயில் பாட்டு நிற்காது. அப்பேர்ப்பட்டவன் தினமும் காலை ஏழு மணிக்கு, நூறு கிராம்கூடத் தேறாத ஒரு பறவையின் முன்னால் பயந்துபோய் நின்றான் என்றால், அதற்குக் காரணம் பறவை இல்லை. பெண்டாட்டி.

கிறிஸ்டினா மஸ்கட்டில் நர்ஸ். போய் இரண்டு வருஷம் ஆகிறது. ராயபுரத்து வீட்டில் அவள் விட்டுப்போனவை இரண்டு ஜீவன்கள். ஒன்று சாவியோ, இன்னொன்று அல்போன்ஸ். அல்போன்ஸ் ஒரு காக்கட்டீல் கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் பவுடர் அப்பியதுபோல் ஆரஞ்சு வட்டம், தலையில் ஒரு கொண்டை. அந்தக் கொண்டை அவளுடைய தாய்மாமன் அல்போன்ஸின் தலைமுடி மாதிரியே குத்திட்டு நிற்கிறதாம், அதனால் அந்தப் பெயர். அன்றிலிருந்து தாய்மாமன் அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

புறப்படும்போது அவள் சாவியோவுக்கு முத்தம் கொடுத்தாளோ இல்லையோ, ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசைக் கொடுத்தாள்.

"டெய்லி காத்தால, அது துன்றதுக்கு முன்னாடி வெய்ட் போட்டு எனுக்கு போட்டோ அனுப்பணும். இப்ப தொண்ணூத்தி நாலு கிராம் கீது. எம்பதுக்குக் கீழ எறங்கி எதனா ஒண்ணு ஆச்சுன்னு வெச்சுக்கோ, ஏர்போர்ட்டுலேர்ந்து நேரா எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்."

அவள் சும்மா மிரட்டவில்லை. முன்னொரு தடவை அவள் மூன்று நாள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பாவம் பசிக்குமே என்று தொட்டியில் இட்லியைப் பிய்த்துப் போட்டு, அவள் ஆசையாய் வளர்த்த பதினொரு மீனையும் பரலோகத்துக்கு அனுப்பிவைத்த மகராசன் இவன்தான்.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று ஐந்து என்று அல்போன்ஸ் திவ்வியமாக இருந்தான். இந்தத் தவக்காலத்தில்தான் சனி பிடித்தது.

சாவியோ ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. பெரிய வெள்ளி அன்றே மத்தியானம் டீக்கடைப் பக்கம் நின்று வடை வாசனை பிடிக்கிற ஆள். ஆனால் கிறிஸ்டினா ஈஸ்டருக்கு ஊருக்கு வர லீவு கேட்டு எழுதியிருந்தாள். போன வருஷம் கேட்டதற்கு இல்லையென்று கையை விரித்துவிட்டார்கள். இந்த வருஷமும் இல்லையென்றால் அவன் தாங்கமாட்டான். அதனால் சாம்பல் புதனன்று மாதாவின் முன்னால் முழங்காலில் நின்று, "அவளுக்கு லீவு கெடைக்கணும் தாயே, நாப்பது நாளும் ஒருசந்தி இருக்கேன்" என்று வாயை விட்டுவிட்டான். ஒருசந்தி என்றால் நாளைக்கு ஒரே ஒரு சாப்பாடு, அவன் நேர்ந்துகொண்டபடி அதுவும் பொழுது சாய்ந்த பிறகுதான். அவனுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட். சாயங்காலம் கேன்டீனில் அந்த ஒரு வேளையை முடித்துக்கொள்வான். வீட்டில் அடுப்பே எரியவில்லை. ஞாயிறு ஆண்டவருடைய நாள், அன்றைக்கு ஒருசந்தி கிடையாது. அன்று மட்டும் பூசை முடிந்து வந்து, ஆறு நாளுக்கும் சேர்த்து வீட்டில் உட்கார்ந்து வெட்டுவான்.

இரண்டாவது வாரம் அல்போன்ஸ் எண்பத்தெட்டு. மூன்றாவது வாரம் எண்பத்திரண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தராசு எழுபத்தொன்பது என்றது.

சாவியோ தராசைத் தட்டினான். பேட்டரியைக் கழற்றி மாட்டினான். மறுபடியும் எழுபத்தொன்பதுதான். மீன் செத்த கதை கண் முன்னால் வந்து மிதந்தது. சட்டைப் பையைத் துழாவினான், ஃபோர்க்லிஃப்ட் நட்டு ஒன்று அகப்பட்டது. அதைத் தராசின் மேல் விரித்த கைக்குட்டைக்கு அடியில் வைத்து, கிளியை மேலே ஏற்றினான். தொண்ணூற்றிரண்டு! போட்டோ பறந்தது. "என் செல்லம்" என்று பதில் வந்தது. செல்லம் தானா கிளியா என்று தெரியவில்லை. தவக்காலத்தில் பொய் சொல்கிறோமே என்று நெஞ்சு உறுத்தியது, ஆனாலும் அடுத்த நாளும் நட்டை வைத்தான். அதற்கடுத்த நாள் நட்டோடு ஒரு வாஷரும் சேர்ந்தது.

பக்கத்துப் போர்ஷன் ராமசெல்வி காசிமேட்டில் மீன் விற்பவள். வஞ்சிரத்தை ஒரு கையில் தூக்கி அறுநூற்று நாற்பது கிராம் என்றால், அதற்கப்புறம் தராசில் வைத்துப் பார்ப்பது அவளுக்கு அவமரியாதை. தவக்காலம் வந்தால் தெருவே கறியை விட்டு மீனுக்கு வந்துவிடும், அதனால் அவளுக்கு அதுதான் தீபாவளி.

"இன்னா நைனா, காத்தாலயே மூஞ்சி தொங்கிகினு கீது?"

"யக்கா, இத கொஞ்சம் தூக்கிப் பாரேன்."

ராமசெல்வி அல்போன்ஸை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி, லேசாக ஆட்டினாள். "எழுவத்தாறு. செதிலோட சேத்து."

"செதிலு இல்லக்கா, எறகு."

"எதுவோ ஒண்ணு. இன்னா துன்னுது இது?"

"ஒண்ணும் துன்ன மாட்டேங்குதுக்கா, அதான் பேஜாரு. தெனை போட்டேன், சோளம் வேக வெச்சேன், முட்டய அவிச்சு உதுத்து வெச்சேன். நாலு கொத்து கொத்திட்டு என் மூஞ்சயே பாத்துகினு ஒக்காந்துக்குது. ஞாயித்துக்கெழம மட்டும் கிண்ணத்தயே காலி பண்ணுது."

ராமசெல்வி கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப இது வேதக்காரக் கிளி நைனா! உன்ன மாதிரி அதுவும் ஒருசந்தி கீது!"

சாவியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அட மடையா, உண்மை வாசல் வரைக்கும் வந்து செருப்பைக் கழற்றி நின்றதே! இவன்தான் கதவைத் திறக்கவில்லை.

அன்றைக்கே லீவு போட்டுவிட்டு, கூண்டின் மேல் கிறிஸ்டினாவின் பழைய நைட்டியைப் போர்த்தி, வண்ணாரப்பேட்டையில் இருக்கும் பறவை டாக்டரிடம் கிளம்பினான். ஷேர் ஆட்டோவில் துணிமூட்டையோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஒருவர் நைட்டியைத் தூக்கிப் பார்த்து, "மாமு, எனக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொல்லேன்" என்றார். அல்போன்ஸ் அவர் விரலைக் கடித்தான். அந்த நோஞ்சான் உடம்பிலும் ரோஷத்துக்குக் குறைவில்லை என்பதில் சாவியோவுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

டாக்டர் ரூஹி சின்ன வயசுப் பெண். அல்போன்ஸின் நெஞ்சை விரலால் தடவினாள், வாயைத் திறந்து பார்த்தாள், எச்சத்தைப் பரிசோதித்தாள், எடை போட்டாள். எழுபத்தாறு, ராமசெல்வியின் கை சொன்னதேதான்.

"நோய் எதுவும் இல்ல. ஆனா நெஞ்செலும்பு எப்படித் துருத்திட்டு இருக்கு பாருங்க. இந்த ஜாதிக்கு எண்பதே குறைச்சல். எழுபதுக்குக் கீழ போச்சுன்னா குழாய் வெச்சு ஊட்டணும். அப்பவும் பொழைக்கும்னு என்னால சொல்ல முடியாது. எப்பயுமே சாப்பிடறதில்லையா?"

"ஞாயித்துக்கெழம மட்டும் நல்லா சாப்புடுது டாக்டர்."

"ஞாயித்துக்கிழமை நீங்க என்ன புதுசா பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல. பூசைக்குப் போவேன். வருவேன். சாப்புடுவேன்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல வூட்டுல சாப்..." சாவியோ திரும்பி அல்போன்ஸைப் பார்த்தான்.

டாக்டர் பேனாவை மூடினாள். "இதெல்லாம் கூட்டமா வாழற பறவை. கூட இருக்கிறது வாய் வெச்சாத்தான் தானும் வாய் வைக்கும்னு சிலது பழகிடும். கூட்டம் பட்டினின்னா இதுவும் பட்டினி. உங்க அல்போன்ஸுக்குக் கூட்டமே நீங்க ஒருத்தர்தான்."

திரும்பி வரும் வழியெல்லாம் சாவியோவுக்கு மத்தளத்தின் நிலைமை, இரண்டு பக்கமும் இடி. ஒருசந்தியை விட்டால் கிறிஸ்டினாவின் லீவு போயிற்று. விடாவிட்டால் அல்போன்ஸ் போய்விடுவான், அப்புறம் லீவு கிடைத்தும் அவள் நேரே அம்மா வீட்டுக்குத்தான் போவாள். இன்னும் பதினாறு நாள் பாக்கி.

மறுநாள் காலையில் ஒரு யுக்தி செய்தான். வெறும் தட்டை முன்னால் வைத்து, காற்றைப் பிசைந்து, வாயில் போட்டு, கன்னம் உப்ப மென்றான். "ஆகா, இன்னா டேஸ்ட்டு!" என்றுகூடச் சொன்னான். அல்போன்ஸ் நடந்து வந்து தட்டை எட்டிப் பார்த்தான். சாவியோவை ஒரு பார்வை பார்த்தான். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சங்கதி கேட்டு ராமசெல்வியே ஒரு தட்டு சோற்றோடு வந்து அவன் எதிரில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டாள். அல்போன்ஸ் ஜன்னல் கம்பிக்குப் பறந்து கொண்டையை விறைத்துக்கொண்டு சீறினான்.

"நா இன்னா அவ்ளோ கலீஜாவா துன்றேன்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு நிஜமாகவே மனசு நொந்துவிட்டது.

அன்று மத்தியானம் கிறிஸ்டினா வீடியோவில் வந்தாள். சாவியோ போனை விட்டத்தைப் பார்த்துப் பிடித்தான்.

"இன்னாயா, ஃபேனையே காட்டிகினு கீற? அல்போன்ஸ காட்டு."

காட்டித்தான் ஆகவேண்டியிருந்தது.

"யோவ்! இது தொண்ணூறு கிராமா? கொண்ட மட்டும்தான்யா கீது!"

அவ்வளவுதான். நட்டு, வாஷர், ஒருசந்தி, டாக்டர், ராமசெல்வி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். வசவு வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நட்டா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"ஏன் அழுவுற? அதான் உசுரோட கீதே!"

"உனுக்கு நான் டெய்லி மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு போட்டோ அனுப்புறேன்ல?"

"ஆமா. நேத்துகூட பிரியாணி."

"அது போன வருஷம் ஆஸ்பத்திரில குடுத்த பார்ட்டில எடுத்தது. அப்டி நாலு போட்டோ வெச்சுக்கினு கீறேன். மாத்தி மாத்தி அனுப்புவேன்." மூக்கை உறிஞ்சினாள். "நைட் டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்தா நாலு செவுருதான்யா. ஒண்டியா ஒக்காந்து துன்ன முடியல. ஒரு டீ, ரெண்டு பிஸ்கட்டு, படுத்துப்பேன்."

சாவியோ அப்போதுதான் அவள் முகத்தை ஒழுங்காகப் பார்த்தான். கன்னத்து எலும்பு, டாக்டர் தடவிக் காட்டினாளே, அந்த எலும்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாகத் தினமும் இந்த முகத்தைப் பார்க்கிறான். கிளியின் எடையை ஒரு கிராம் பிசகாமல் கேட்டவளிடம், நீ எவ்வளவு இருக்கிறாய் என்று இவன் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"போன வெக்காத. இரு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினான். "யக்கா! சோறு கீதா?"

தட்டு நிறையச் சோறும் சங்கரா மீன் குழம்பும் வந்தன. அவன் போனை தினை டப்பாவில் சாய்த்து வைத்து, எதிரில் உட்கார்ந்தான்.

"நீயும் போய் இன்னா கீதோ எடுத்துகினு வா."

"யோவ், உன் நேர்ச்சை?"

"பைபிள்ல கல்யாண வூட்டுல திராட்ச ரசம் பத்தலன்னதுக்கே மனசு கேக்காம மகன்கிட்ட போய் நின்னவங்க மாதா. நீ பட்டினி கெடக்கறதப் பாத்துகினு சும்மா இருப்பாங்களா? போ, எடுத்துகினு வா."

வாய்தான் அப்படிச் சொன்னது. முதல் கவளத்தை உருட்டி எடுத்தான். இந்தக் கவளத்தோடு லீவு போயிற்று என்றே அவன் நம்பினான். நம்பிக்கொண்டேதான் வாயில் வைத்தான்.

கிறிஸ்டினா ஒரு குப்பூஸ் ரொட்டியும் கொஞ்சம் பருப்பும் கொண்டுவந்து உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பியிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். சாவியோவின் வாயைப் பார்த்தான். போனுக்குள் கிறிஸ்டினாவின் வாயைப் பார்த்தான். கொண்டை மெல்லத் தணிந்தது. தலையைக் குனிந்து கிண்ணத்தில் கொத்த ஆரம்பித்தான். டக், டக், டக்.

"துன்னுதுய்யா!" என்று கத்தினாள் கிறிஸ்டினா.

"நீ நிறுத்தாத! நீ நிறுத்துனா அதுவும் நிறுத்துது!"

அது நிஜமா, சாவியோ அந்த நிமிஷம் கட்டிவிட்ட கதையா என்பது மாதாவுக்கே வெளிச்சம். கிறிஸ்டினா எழுந்துபோய் இன்னொரு குப்பூஸ் எடுத்து வந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் சாவியோ குரலைக் கடுமையாக வைத்துக்கொண்டான். "டெய்லி டூட்டி முடிஞ்சதும் வெய்ட் போட்டு எனுக்கு போட்டோ அனுப்பணும்." மறுநாள் காலையில் வந்தது. நாற்பத்து மூன்று. ஊரிலிருந்து போகும்போது அவள் ஐம்பத்திரண்டு.

அதன்பிறகு தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டில் மூன்று பேருக்குப் பந்தி. குருத்தோலை ஞாயிறு கழிந்து லீவுக் கடிதம் வந்தது. லீவு உண்டு, ஆனால் ஈஸ்டருக்கு இல்லை, ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் கழித்து.

"அர நேர்ச்சைக்கு அர வரம்" என்றாள் ராமசெல்வி. "எட கரெக்டா போட்டுத்தான் குடுத்துக்கிறாங்க உங்க மாதா."

ஈஸ்டர் அன்று காலை சாவியோ தராசைத் துடைத்து, கைக்குட்டையை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, அல்போன்ஸை வெறும் தட்டில் ஏற்றினான். எண்பத்தாறு. போட்டோவை அனுப்பிவிட்டுக் காத்திருந்தான்.

மஸ்கட்டிலிருந்து பதில் போட்டோ வந்தது. ஆஸ்பத்திரி எடை மெஷின் மேல் அவளுடைய இரண்டு வெறுங்கால்கள், நடுவில் நாற்பத்தைந்து என்று ஓர் எண். கீழே எழுதியிருந்தாள்:

"நட்டு வெக்கல."