அம்மா சேர்க்கச் சொன்ன வரி

1
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இதில் கற்பனை கொஞ்சம்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததற்காக மூண்ட சண்டை அது. மருந்துக் கடையில் வேலை பார்த்த என் அக்காவிடம் அம்மா ஆத்திரத்தில், "நீ தொலைஞ்சாத்தான் இந்த வீடு உருப்படும்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பிய அக்கா திரும்பவில்லை. வேறு ஊரில் நல்லபடியாக இருக்கிறாள் என்று கடைக்காரர் சொன்னார். எந்த ஊர் என்று சொல்ல மறுத்துவிட்டார்.

எந்தப் பத்திரிகை கிடைத்தாலும் அக்கா சிறுகதையைத்தான் முதலில் தேடுவாள். அந்தப் பக்கத்தில் போய் நின்றால் என்னைப் பார்த்துவிடுவாள் என்று கதை எழுத உட்கார்ந்தேன்.

2
'வானம் இருண்டுகொண்டு வந்த அந்த மாலையில்...' (அன்றைக்கு வெயில் கொளுத்தியது. வரியை அடித்துவிட்டேன்.)

'அவள் ஒரு...' (கோபக்காரி என்றால் பொய். பாவப்பட்டவள் என்றால் அடிக்க வருவாள்.)

'அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.' இது நின்றது.

3
பல பத்திரிகைகள் பதிலே போடவில்லை. கடைசியில் ஓர் ஆசிரியர் ஃபோன் செய்தார்.

"கதை நல்லா வந்திருக்கு தம்பி. ஆனா அவ ஏன் போனா? அதைச் சொல்லவே இல்லையே."

அம்மாவின் சொல்லை விட்டிருந்தேன். (பெற்றவளை எப்படி அச்சில் ஏற்றுவது?) மனசைக் கல்லாக்கிக்கொண்டு சேர்த்தேன்.

அக்கா கதவைத் தட்டும் கடைசிப் பத்தியை அவர் வெட்டினார். "இது உங்க ஆசை தம்பி. கதைக்கு அது தெரியாது."

4
கதை வெளிவந்தது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. படித்துக் காட்டச் சொன்னாள். சண்டையைத் தாண்டிப் படித்தேன். வெட்டிய பத்தியை, அச்சில் இருப்பதுபோலவே சொல்லி முடித்தேன்.

"வந்துட்டாளா?"

"வந்துட்டாம்மா."

"நான் சொன்னதை எழுதலையா?"

"எழுதியிருக்கேன்."

"அப்புறம் ஏன்டா முழுங்குறே? படி."

படித்தேன். அந்த வரி எங்கே என்று கேட்டு அம்மா அதன்மேல் விரலை வைத்தாள்.

"அதுக்குக் கீழே நான் ஒண்ணு சொல்லணும். சேர்த்துடு."

"அச்சாயிடுச்சும்மா."

"அப்ப இன்னொரு கதை எழுது."

5
அதுதான் இது. அம்மா சொன்ன வரியில் நான் கைவைக்கவில்லை:

'அன்னிக்கு வாயில வந்துச்சு, மனசுல இல்லடி. வீட்டுக்கு வா.'

இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. படித்து முடித்ததும் இந்த இதழை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பஸ் சீட்டிலோ ஆஸ்பத்திரி பெஞ்சிலோ, இந்தப் பக்கம் தெரிகிற மாதிரி, திறந்து வைத்துவிட்டுப் போங்கள்.