மீராசாவின் டயர் பரல்

மருதமுனையில் தறி நெய்யும் சுல்பிகாவின் வளவுக்கு மேற்கே மீராசா டயர் காய்ச்சத் தொடங்கி ஆறு மாதமாகியிருந்தது. எண்ணெய் விலை ஏறி ஊரே திண்டாடிய எழுபத்தொன்பதாம் ஆண்டு அது. லொறிகள் கழித்துப் போட்ட டயர்களைத் துண்டு போட்டு, பரல் எனும் பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் காற்றுப் புகாமல் அடைத்து, அடியில் தீ மூட்டுவார். உள்ளே டயர் எரியாமல் வெந்து ஆவியாகும். ஆவி குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் குளிர்ந்து, கறுப்பு எண்ணெயாகச் சொட்டும். சூளைக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். குப்பையில் எண்ணெய் எடுத்த மனிதர் என்று ஊர் அவரை மெச்சியது.

பரலுக்கு அடியில் அவர் எரித்ததும் டயர்த் துண்டுகளைத்தான். குளிராமல் மிஞ்சிய வாயுவை அப்படியே வெளியே விட்டார். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று அத்தனை புகையையும் சுல்பிகாவின் வளவுக்குக் கொண்டுவந்து கொட்டியது.

மூன்று தடவை போய், அண்ணனை அழைப்பதுபோல் 'காக்கா' என்று கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொல்லிப் பார்த்தாள்.

"காத்து என்ட கையிலயா புள்ள இரிக்கி?" என்று சிரித்தார் மீராசா.

அந்தப் புதன்கிழமை, பெருநாள் சாரன்களுக்கென்று கஞ்சி போட்டுக் கொடியில் விரித்திருந்த வெள்ளை நூல் முழுவதும் கரி படிந்தது. கழுவக் கழுவ எண்ணெய்ப் பிசுக்கோடு பரவியதே தவிரப் போகவில்லை. மூன்று வார உழைப்பு. சுல்பிகா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நூலைச் சுருட்டிக் கட்டினாள்.

மறுநாள் காலை, தீ மூட்டுவதற்கு முன்பே, அந்த நூல்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மீராசாவின் வளவுக்குள் நுழைந்தாள். வேலையாள் சாமித்தம்பி டயர் வெட்டிக்கொண்டிருந்தான். நூலைப் பார்த்ததும் அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, ஒண்டு சொல்லுறன். மிஞ்சுற வாயுவ அடுப்புக்குள்ளயே விடச் சொல்லித்தான் இதச் செஞ்சு தந்த கொழும்பு மெக்கானிக் சொன்னவன். அதுவே எரியும், டயர் போடத் தேவையில்ல. குழாயும் தந்திட்டுத்தான் போனவன்."

"எங்க அந்தக் குழாய்?"

சாமித்தம்பி கண்ணால் காட்டினான். ஆட்டுப்பட்டிக்குக் குறுக்குக் கம்பியாகக் கட்டிக் கிடந்தது.

சுல்பிகாவுக்கு உச்சி கொதித்தது. கயிற்றை அறுத்துக் குழாயை இழுத்தாள். ஆடுகள் கத்திக்கொண்டு வெளியே ஓடின. சத்தம் கேட்டு மீராசா சாரனை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார்.

"என்ன புள்ள, விசரா உனக்கு?"

"ஓம், விசர்தான்! ஆறு மாசமா எங்கட புள்ளையள் இருமுதுகள். காத்துல பழியப் போட்டீங்க. இதுக்கு வழி தெரிஞ்சிரிந்தும் ஆட்டுக்குப் பட்டி கட்டியிரிக்கீங்களே காக்கா!"

"அதப் பூட்டினா ரெண்டு நாள் வேல நிக்கும். அதான்..."

"ரெண்டு நாள்!"

தோளிலிருந்த நூலைப் பரலின் மேல் போட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். குழாயைப் பொருத்திப் பூட்டாமல் தீ எரியாது என்றாள். மீராசா அதட்டினார், பிறகு ஊர் வழக்குத் தீர்க்கும் பள்ளிவாசல் மரைக்காரைக் கூட்டிவரப் போனார். அவர் வருவதற்குள் தறிக்காரப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தத்தம் கரி பிடித்த துணிகளோடு வந்து சேர்ந்திருந்தார்கள். மரைக்கார் துணிகளைப் பார்த்தார், சுல்பிகா சொன்னதைக் கேட்டார், குழாயைப் பார்த்தார்.

"பூட்டுங்க மீராசா" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மறுபடி பரல் மூட்டினார்கள். நாற்றம் இருந்தது, கரி விழவில்லை. மாலையில் மீராசா வேலியோரம் வந்து நின்றார்.

"இப்பச் சரிதானே, தங்கச்சி?"

"தெரியாமச் செஞ்சிரிந்தா எப்பவோ மறந்திருப்பன், காக்கா" என்றாள் சுல்பிகா. "தெரிஞ்சி செஞ்சீங்க. என்னோட கதைக்காதீங்க."

அவர் போன பிறகும் கோபம் அடங்கவில்லை. தறியில் உட்கார்ந்து அவள் மிதித்த மிதியில் இரண்டு இழை அறுந்தது.