பாதி மிதித்த கிளட்ச்

"திருப்புனியா இல்லையா?"

"திருப்பிட்டேன் மாமா."

"சும்மா சொல்லாத. ஒரு டிக் சத்தம்கூட வரலையே."

"சத்தியமா திருப்பினேன்."

நான் டிரைவர் சீட்டில் சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்திருந்த பானெட் அவரை மறைத்திருந்தது. குரல் மட்டும் அதன் பின்னாலிருந்து வந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்காவைத் திரும்ப அழைத்துப் போகப் போன வாரம் வந்தார். வரும் வழியிலேயே இன்ஜின் கொதித்து, வண்டி எங்கள் அடுக்குமாடியின் பின்பக்க பார்க்கிங்கில் படுத்துவிட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். தன் வண்டியை இன்னொருவர் தொட விடமாட்டார். இன்ஜினின் மேல்பாதியைத் தானே கழற்றி, கேஸ்கெட் மாற்றி, நேற்று மாலை கடைசி போல்ட்டையும் முறுக்கினார். "காலைல கெளம்பறோம்" என்றார். அக்கா தலையாட்டினாள்.

இன்று காலை பெட்டியில் துணி அடுக்கும்போது அக்கா வேறொன்று சொன்னாள். அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. கதவில் நசுங்கியதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

"கதவு தானா சாத்திக்கலடி," என்றாள், புடவையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு. "அம்மாகிட்ட சொல்லணும். இத்தன நாளா வாய் வரல. போன்ல முடியாது, அவர் பக்கத்துலயே உக்காந்திருப்பார். அம்மா வர்ற வரைக்கும் இங்க இருந்துட்டேன்னா எப்படியாவது சொல்லிடுவேன். அதுக்குள்ள கெளம்பிட்டோம்னா அவ்ளோதான்."

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து மதியம்தான் வருவாள்.

முதல் தடவை நான் வேண்டுமென்று செய்யவில்லை. சீட் மாமாவின் நீளமான கால்களுக்கு ஏற்றபடி பின்னுக்குத் தள்ளியிருந்தது. இந்த வண்டியில் கிளட்சை அடிவரைக்கும் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். என் கால் பாதிதான் எட்டியது. சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்கவில்லை. அந்த நிசப்தம் கண்ணாடியில் ஊதிய மூச்சைப்போல மெல்லப் படர்ந்தது. நிமிர்ந்தேன். இரண்டாம் மாடி ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள்.

அதற்கப்புறம் என் கால் எட்ட முயலவேயில்லை.

"லிஃப்ட்ல நாங்க என்ன செய்வோம் தெரியுமா?" என்றார் மாமா. "கடைசியா யார் கை பட்டுச்சோ அங்கதான் கோளாறு. இதுல பட்டது என் கை. அப்போ குற்றவாளி நான்தான். மச்சினிக்கு சந்தோஷமா?"

"எனக்கென்ன சந்தோஷம். பசிதான்."

சிரித்தார். கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயமிருந்திருக்காது. பேட்டரி முனைகளைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். "திருப்பு." ஒன்றுமில்லை. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரை அவிழ்த்து, அடியிலிருந்த துருவைச் சுரண்டி மறுபடி முறுக்கினார். "திருப்பு." ஒன்றுமில்லை. கை நழுவி ஸ்பேனர் சிமென்ட் தரையில் விழுந்தது. மேலே ஜன்னல் படக்கென்று சாத்திக்கொண்டது. அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு வேலைக்குத் திரும்பினார். சரியாக இருந்த ஒவ்வொன்றையும் அவிழ்த்து, சரிதான் என்று தெரிந்துகொண்டு மூடினார். மூடிய ஒவ்வொன்றும் என் பக்கமாக ஓர் அடி நகர்ந்து வந்தது.

அப்புறம் ஒயர் சுற்றிய சின்ன பல்பு ஒன்றைக் கொண்டுவந்தார். சாவி திரும்பினால் ஸ்டார்டர் மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோகும் மெல்லிய ஒயரில் அதைத் தொட்டுக்கொண்டு, "திருப்பு" என்றார்.

பல்பு எரியவில்லை போலிருக்கிறது.

"அப்படியா சேதி," என்றார் மெதுவாக. "இன்ஜின் மேல தப்பே இல்ல. கரண்டு இங்க வந்தே சேரல. நடுவுல எதுவோ தடுக்குது."

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா இல்லை, தண்ணீர் கேன் போடுபவர்.

"ஃபியூஸா இருக்குமோ மாமா?"

"அட, நீயே மெக்கானிக் ஆயிட்டியே."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் கதவுக்கு வந்தார். ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. குனிந்தபோது அவர் தலை என் முழங்காலை ஒட்டி வந்தது. ஒவ்வொரு ஃபியூஸாக உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்பச் செருகினார். எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"சீட்டு உனக்குத் தூரமா இருக்கே. ஏன் மொதல்லயே சொல்லல?"

"எட்டுது மாமா."

"எட்டுதா," என்றார். கேள்வியாக இல்லை. அந்த வார்த்தையைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல இருந்தது.

சீட்டுக்கு அடியில் கையை விட்டு இரும்புக் கம்பியைத் தூக்கினார். என்னையும் சேர்த்து சீட்டை முன்னால் தள்ளினார். முழங்கால் மடங்கி ஸ்டியரிங்கில் இடித்தது. கிளட்ச் என் பாதத்துக்கு நேர் கீழே வந்து நின்றது. மாடிப் படிக்கட்டில் அக்கா இழுத்துவரும் பெட்டியின் சக்கரங்கள் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தன.

மாமா கதவருகில் குந்தி உட்கார்ந்தார். கண்கள் என் காலில் இருந்தன. குரல் இதமாக, அழும் குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல வந்தது.

"எனக்காக ஒரே ஒரு தடவ, அடிவரைக்கும் மிதியேன்."