கட்டத்தாளில் இருபத்துமூன்று சாவிகள்

"மார்ச் 12. இன்றைய தவறு: ஒன்பது மணிக்குப் போட வேண்டிய படத்தை ஒன்பது பத்துக்குப் போட்டேன். இனி அலாரம் வைக்க வேண்டும்."

சாவிக்கடைக்காரி இதை எழுதி அடிக்கோடும் போட்டாள். கடைக்கு வாடிக்கையாளர் சேர்க்கத்தான், சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். மாஸ்டர் சொன்ன எதையும் தட்டியதில்லை. தினம் ஒரு படம் போடுங்கள், பின்னணி சுத்தமாக இருக்கட்டும், உள்ளூர் வாடிக்கையாளர்களைக் கொண்டாடுங்கள், முடிந்தால் உங்கள் முகத்தையும் காட்டுங்கள். கடைசி ஒன்றுதான் உதைத்தது. கேமராவைக் கண்டாலே அவள் முகம் பல்வலி வந்தவள் முகமாகிவிடும். அதனால் வெட்டிய சாவிகளைக் கட்டம் போட்ட கணக்குத் தாளில் வைத்து, மேலிருந்து நேராகப் படம் பிடித்தாள். இருபத்துமூன்று நாளில் இருபத்துமூன்று சாவி. ஒவ்வொன்றின் கீழும் எந்தத் தெரு, யார் வீடு என்று நன்றியோடு இரண்டு வரி.

கடையில் கூட்டாளி சித்தப்பா. மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்.

"சாவிக்கு எதுக்கும்மா இத்தனை ஜோடிப்பு? சினிமால நடிக்கப் போகுதா?"

"நூத்திப்பத்து லைக், சித்தப்பா."

"லைக் போட்டவன்ல ஒருத்தனாவது சாவியத் தொலைச்சானா?"

அன்று மதியம் மேம்பாலத்தடியில் சாவி வெட்டும் போட்டிக் கடைக்காரர் வந்தார். இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர். சட்டைப்பையிலிருந்து ஒரு புதுச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது யார் சாவிண்ணே?"

"பல் டாக்டர் வீட்டுது. நேத்து போட்டியே, அதப் பாத்து வெட்டினேன்."

"போட்டோவப் பாத்தா?"

"கட்டத்தாள்ல வெச்சு அளவும் குடுத்திருக்க தங்கச்சி. தெருப் பேரு வேற. திருடனுக்கு டீ மட்டுந்தான் வாங்கிக் குடுக்கல."

சித்தப்பா மெஷினை நிறுத்தினார். முப்பது வருஷமாகச் சாவியோடு மல்லுக்கட்டுகிறவர். அத்தனை படத்தையும் பார்த்தும் அவருக்கு உறைக்கவில்லை.

"கண்ணு மங்கிப்போச்சு," என்றார்.

"கண்ண மட்டும் சொல்றீங்க," என்றார் மேம்பாலத்துக்காரர். "சாவிக்கடைன்னாலே பயம்னு ஆயிட்டா நானும் ஈ ஓட்டணும். அதான் வந்தேன்."

அவர் போனதும் அவள் எல்லாப் படங்களையும் அழித்தாள். வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, 'வெட்டி வைம்மா, வர்றேன்' என்று ரொட்டி வாங்கப் போகிறவர்கள் அவளுடைய வாடிக்கையாளர்கள். அந்த நம்பிக்கை போனால் கடைக்கு ஷட்டர் எதற்கு? சாவியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

கிளினிக் கீழே, வீடு மாடியில். எல்லாவற்றையும் கேட்ட டாக்டர் மாடிக்கு ஏறி, சாவியைப் போட்டுப் பார்த்தார். கதவு திறந்தது.

"நீ வெட்டினது கொஞ்சம் இழுக்கும். இது வெண்ணெயாட்டம் போகுது."

அவளுக்குக் காது சுட்டது.

"நான் வேற லைக் போட்டேன்," என்றார் டாக்டர். "என் சாவி பிரபலமாயிடுச்சுன்னு குடும்பக் குரூப்புல எல்லாருக்கும் அனுப்பினேன்."

"மன்னிச்சிருங்க டாக்டர். பூட்டை நானே மாத்திக் குடுத்துடறேன். காசு வேண்டாம்."

"எனக்குச் சரி. மத்தவங்களுக்கு?"

அவள் வழியில் எண்ணிக்கொண்டேதான் வந்திருந்தாள். "இருபத்திரண்டு வீடு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, மாத்திக் குடுக்கறேன்."

டாக்டர் தன் போனில் கிளினிக் பக்கத்தைத் திறந்து நீட்டினார். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று வரிசையாக வாய்கள். "முகம் தெரியாது, யாருக்கும் புரியாதுன்னு போட்டேன். இந்தப் பல்லு யாருதுன்னு உனக்குத் தெரியுதா?"

அவள் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க சித்தப்பாவோடது."

டாக்டர் போனைத் திரும்ப வாங்கி, சத்தமில்லாமல் அந்தப் படத்தை அழித்தார். "காலைல எட்டு மணிக்கு வா. நல்ல பூட்டாக் கொண்டு வா. சாவி மூணு வேணும். ஒண்ணும் இழுக்கக் கூடாது."

கடைக்குத் திரும்பி நோட்டைத் திறந்தாள். காலையில் போட்ட அடிக்கோடு அவளைப் பார்த்து இளித்தது. அதை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்:

"தவறு: பத்து நிமிஷம் அல்ல, இருபத்துமூன்று படங்கள். நாளை எட்டு மணிக்கு டாக்டர் வீட்டுப் பூட்டு. பிறகு மற்ற இருபத்திரண்டு வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். முதல் தெருவிலிருந்து தொடங்க வேண்டும்."