மாவுக்கடை ஜூலியின் கடிதம்

உப்பளம் வட்டாரத்தில் தெருவிளக்கு எரியாவிட்டாலும் சரி, குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை அடித்தாலும் சரி, மனு எழுத வேண்டுமென்றால் ஜனம் போய் நிற்பது புருஷோத்தமன் வீட்டு வாசலில்தான். முப்பத்தொரு வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். 'பொருள்' என்று ஒரு வரி, 'பார்வை' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது' என்று அவர் ஆரம்பித்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரி நிமிர்ந்து உட்காருவார் என்பது ஊர்ப் பேச்சு. "டிராஃப்ட் போடுறதுல சாரை அடிச்சிக்க ஆளே இல்ல" என்று யாராவது சொன்னால், "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்பார். அன்றைக்கு மட்டும் ஒரு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும்.

இந்தப் பெயருக்குப் போட்டியாக ஓர் ஆள் முளைக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் மாவுக்கடை ஜூலி!

விஷயம் இதுதான். மரபணு மாற்றிய விதையில் விளைந்த உணவுப் பொருளை விற்கும்போது, அது அப்படிப்பட்டது என்று பாக்கெட் மேல் அச்சடிக்க வேண்டுமா, வேண்டாமா? டெல்லியில் ஓர் அலுவலகம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. அறுபது நாள் கெடு. தமிழிலும் எழுதலாம். இதை விடக்கூடாது என்று நுகர்வோர் சங்கத் தலைவர் யூஜின் துள்ளிக் குதித்தார். யூஜின் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சிப்பாய்; ஊர் வழக்கில் 'சொல்தா'. எழுபது வயதிலும் பட்டாளத்து விறைப்பு போகவில்லை. அவர் வீட்டு ஹாலில்தான் ஞாயிறுதோறும் சங்கக் கூட்டம். "என்ன விக்கிறேன்னு எழுத மாட்டேங்கிறவன் எதையோ மறைக்கிறான். லெட்டர் மழையா கொட்டணும், முசியே" என்று பிரெஞ்சு மரியாதையோடு புருஷோத்தமனின் தோளில் தட்டினார். சங்கத்துக்குச் செயலாளர் புருஷோத்தமன். மாதிரிக் கடிதம் எழுதுவது அவர் வேலை.

மறு ஞாயிறு அதை வாசித்தார். இரண்டு பக்கம். எல்லோரும் தலையாட்டினார்கள், கை தட்டினார்கள். கூட்டம் கலையப் போகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஜூலி எழுந்தாள். தெரு முக்கில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். சங்கத்தில் சேர்ந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை.

"நானும் ஒண்ணு எழுதியாந்தேன் சார். தப்பா இருந்தா திருத்திக் குடுங்க" என்று நோட்டிலிருந்து கிழித்த தாளைப் பிரித்து வாசித்தாள்.

"ஐயா, நான் இட்லி மாவு விக்கிறேன். கடைக்கு வர்றவங்க முதல்ல கேக்குறது, உளுந்து நல்ல உளுந்தான்னுதான். நல்ல உளுந்துதான்னு நான் சொல்றேன். ஏன்னா கையில அள்ளிப் பாத்திருக்கேன், ஊறவச்சிருக்கேன், மோந்து பாத்திருக்கேன். இனிமே விதையிலயே என்னமோ மாத்தி வரும்ங்கிறாங்க. அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. நான் எட்டாவதுதான் படிச்சேன். ஆனா அந்த மாத்தம் கைக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அப்போ என்னை நம்பி வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? மூட்டை மேல எழுதிடுங்க. நான் படிச்சு அவங்ககிட்ட சொல்லிடுறேன். வாங்குறதும் வாங்காததும் அவங்க இஷ்டம். பொய் சொல்லி மாவு வித்து எனக்குப் பழக்கமில்ல."

யூஜின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புருஷோத்தமனின் மனைவி அமிர்தவல்லி கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டே சிரித்தாள். முப்பத்தாறு வருஷத்தில் புருஷன் எழுதிய ஒரு மனுவைக்கூட அவள் கடைசி வரி வரைக்கும் படித்ததில்லை.

"இதான்யா லெட்டர்!" என்றார் யூஜின். உடனே ஆளாளுக்கு, நானும் என் கதையை எழுதுகிறேன், நானும் எழுதுகிறேன் என்று ஆரம்பித்தார்கள். மாதிரிக் கடிதத்தின் நாற்பது நகல்கள் மேசையில் அப்படியே கிடந்தன. புருஷோத்தமனும் சிரித்தார். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

பொறாமை என்று அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. முறை தெரியாத எழுத்து என்றார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் குற்றப்பட்டியல் வாசித்தார்: பார்வை இல்லை, தேதி இல்லை, ஓர் அதிகாரியிடம் இப்படியா 'எழுதிடுங்க' என்று வீட்டு ஆளிடம் சொல்கிற மாதிரிச் சொல்வது? வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம். மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டு வாயில் போட்டவர், "ஒரே புளிப்பு. இனிமே அந்தக் கடை மாவு வேணாம்" என்றார்.

"நேத்து வரைக்கும் பஞ்சு மாதிரி இருக்குன்னீங்களே!" என்றாள் அமிர்தவல்லி.

"நேத்து வேற."

அன்று முதல் அந்த வீட்டில் ரவா உப்புமா. அமிர்தவல்லிக்குக் காரணம் புரிந்தது. உப்புமாவைக் கிளறும்போது தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

உப்புமாவோடு நின்றிருந்தால் பாதகமில்லை. டெல்லி அறிவிப்பை முழுக்கப் படித்தவர் சங்கத்தில் அவர் ஒருவர்தான். இங்கிலீஷில் பதினாலு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில், கருத்துகளை அவரவர் சொந்தச் சொற்களில் எழுதுவது நல்லது என்று ஒரு வரி இருந்தது. அதை இரண்டு தடவை படித்தார். அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எழுந்து, "ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினா ஏத்துக்க மாட்டாங்க. எல்லாம் ஒரே படிவத்துல இருக்கணும்னு விதி" என்றார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் 'விதி' என்று சொல்லிப் பழகிய வாய்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. எழுதத் தொடங்கியிருந்த சொந்தக் கதைகளை மடித்து வைத்துவிட்டு, மாதிரிக் கடிதத்தைப் பார்த்துக் கை வலிக்க வலிக்க எழுதினார்கள். தவளக்குப்பம் மார்க்கெட்டில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். உள்ளூர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கம்பெனி விட்டு வருகிறவர்களைப் பிடித்து நிறுத்தி எழுத வைத்தார்கள். ஜூலி மூன்று தாளைக் கெடுத்து நாலாவதில் சரியாக எழுதி முடித்தாள். 'தெரிவித்துக்கொள்ளப்படுகிறது' அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

"அப்போ என் பேப்பரு எதுக்கு சார் இனிமே" என்று தன்னுடைய நோட்டுத் தாளை அவர் எதிரிலேயே நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். புருஷோத்தமனுக்கு நெஞ்சில் தண்ணீர் வார்த்தது போல இருந்தது. மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டுக் கடிதம். அத்தனையிலும் அவருடைய பொருள், அவருடைய பார்வை. தபாலாபீஸுக்குத் தானே சுமந்துகொண்டு போனார்.

ஆனால் கிழித்தது தாளைத்தான். குளிக்கும்போது, பேப்பர் படிக்கும்போது, பீச் ரோட்டில் நடக்கும்போது, கேட்காமலே அந்தக் கடிதம் வரி வரியாக வந்து நின்றது: கைக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு வரி தன் பேனாவிலிருந்து வந்ததுண்டா என்று யோசித்துப் பார்த்தார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அதை நினைக்க நினைக்க ஜூலி மேல் இன்னும் எரிச்சல் ஏறியது.

ஆறு வாரம் கழித்து டெல்லியிலிருந்து பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை யூஜின் அதை உரக்க வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் விறைப்பு தளர்ந்தது.

"ஒரே வாசகத்துல வந்த நம்ம முந்நூத்திப் பதினெட்டு லெட்டரும் ஒரு கருத்தா பதிவு ஆயிருக்காம். ஒண்ணு! அறிவிப்புல சொல்லியிருந்தபடி அவரவர் சொந்தச் சொற்கள்ல எழுதியிருந்தா தனித்தனியா எடுத்திருப்பாங்களாம். கெடுவை இன்னும் பத்து நாள் நீட்டியிருக்காங்க. விருப்பப்பட்டா மறுபடி எழுதலாமாம்." காகிதத்தை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அறிவிப்புல சொல்லியிருந்தபடியா? முசியே, நீங்க வேற மாதிரில்ல சொன்னீங்க?"

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. அத்தனை தலையும் புருஷோத்தமன் பக்கம் திரும்பியது.

"கவனிக்கல" என்றார்.

"பதினாலு பக்கம் இங்கிலீஷு. ஒத்த ஆளா படிச்சாரு, விட்டுப்போயிருக்கும்" என்று பின்வரிசையிலிருந்து ஜூலியின் குரல் வந்தது. "நாம ஒருத்தராவது படிச்சமா? சாரைக் கேக்குறாங்க!"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பரிந்து பேசியது முள்ளாகக் குத்தியது. இதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று அந்த நேரத்திலும் மனசு கணக்குப் போட்டது.

"சரி, ஆனது ஆச்சு" என்றார் யூஜின். "ஜூலி, அன்னிக்கு வாசிச்சியே, அதை முதல்ல அனுப்பும்மா."

"கிழிச்சுப் போட்டுட்டேனேண்ணே. உளுந்துன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் என்ன எழுதினேன்னே ஞாபகம் இல்ல. ஏதோ ஒரு வேகத்துல வந்தது."

ஆளுக்கு ஒரு துண்டாக நினைவுபடுத்திப் பார்த்தார்கள். எதுவும் ஒட்டவில்லை. புருஷோத்தமன் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் போதும். அந்தக் கடிதம் இத்தோடு செத்தது. அது தன் தலைக்குள் முழுசாக இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது?

"எனக்குத் தெரியும்" என்றாள் அமிர்தவல்லி. "அந்த மாத்தம் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் தெரியாது, அப்படித்தானே?"

"கண்ணும் இல்ல, காதும் இல்ல!" புருஷோத்தமனின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது. "கைக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது."

வரைவில் ஒரு சொல் தப்பினால் பொறுக்காத பழக்கம். தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான். "முசியே, உங்களுக்கு முழுசும் ஞாபகம் இருக்கா?" என்று யூஜின் எழுந்தே விட்டார். ஜூலி அதற்குள் தாளும் பேனாவுமாக வந்து, அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்."

சொன்னார். ஐயா என்பதில் தொடங்கி, அள்ளியது, ஊறவைத்தது, மோந்தது, எட்டாவது படித்தது, ஒன்றையும் விடவில்லை. ஹாலில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். "நான் என்ன பதில் சொல்றது?" என்ற இடம் வந்தது. அடுத்த வரிக்குப் போக வேண்டியவர், "நம்பி வர்றவங்ககிட்ட விஷயத்தை மறைக்கிறது துரோகம். மறைச்சவனுக்கு அது தெரியும்" என்றார்.

ஜூலியின் பேனா நின்றது.

"இது நான் எழுதல சார்."

"இல்ல." என்றார். "அது என்னுது."

யூஜின் ஏதோ சொல்ல வந்தார். புருஷோத்தமன் கையைக் காட்டி நிறுத்தினார். அமிர்தவல்லி பக்கம் பார்க்கவில்லை.

"ஒம்பதாம் பக்கத்துல இருந்தது. நான் கவனிக்காம இல்ல. ரெண்டு தடவை படிச்சேன். உன் லெட்டர் போகக் கூடாதுன்னுதான் விதின்னு சொன்னேன். நீ வாசிச்ச அன்னிலேருந்து எனக்கு வயிறு எரியுதும்மா. இப்பவும் எரியுது."

ஜூலி பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினாள். அவள் முகத்தில் கோபம் வருமா, அழுகை வருமா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் வரவில்லை. நிஜமாகவே புரியாத மாதிரி அவரைப் பார்த்தாள்.

"என் லெட்டர் போகக் கூடாதுன்னா, அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சார். போடாமயே விட்டிருப்பேன். அதுக்குப் போயி முந்நூறு பேரு வாயை எதுக்கு மூடுனீங்க?"

புருஷோத்தமன் முப்பத்தொரு வருஷ டிராஃப்டையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார்.

"அந்த வரி நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஜூலி. "அதை நீங்களே உங்க லெட்டர்ல எழுதுங்க. என்னுதுல அடுத்து என்ன? கடையில மாவு பொங்கிட்டிருக்கும், சீக்கிரம் சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் எழுதினாள். தன் வாயிலிருந்து வரும்போதுகூட அது தன் எழுத்தைவிட நல்ல எழுத்தாக இருந்தது அவரை எரிக்கத்தான் செய்தது. ஆனாலும் கடைசி வரி வரைக்கும் ஒரு சொல் மாற்றாமல் சொல்லி முடித்தார்.