புழுதி தின்னாத சாட்சி

பழைய தபால் சாலை வழியாக ஒரு டிரெய்லரை முழுசாக இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவனின் பெயரை, வில்கரி ஊர் மதுக்கடைப் பலகையில் சூட்டுக்கோலால் எழுதுவார்கள். அறுபது வருஷத்தில் நாற்பத்தொரு பெயர். அதில் இரண்டு ஒரே ஆளுடையவை. முதல் தடவை வந்து சேர்ந்ததே ஞாபகம் இல்லாமல் திரும்பப் போய் மறுபடியும் வந்திருக்கிறார் மனுஷர். அந்தச் சாலை வண்டியில் இருப்பதை மட்டும் குலுக்காது.

நாற்பத்திரண்டாவது பெயர் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பது மெர்வ் பாஸ்கோவின் ஆசை. அதற்காகவே மூன்று வருஷம் கொட்டகையில் உட்கார்ந்து தன் கையாலேயே ஒரு கூடார டிரெய்லர் கட்டினான். மேலே விரித்தால் படுக்கக் கூடாரம், பின்னால் இழுத்தால் அடுப்பும் மேஜையும், அடியில் தண்ணீர்த் தொட்டி. அவன் மனைவி டெஸ்லி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொட்டகைக்குள்ளேயே விரிச்சுப் படுத்துக்கோ. வெளியில இழுத்தா அது பாதி வழியில உன்னை விட்டுட்டுப் போயிடும்" என்றாள். மெர்வ் சிரித்தான். விட்டுவிட்டுப் போகிறவர்கள் பட்டியலில் டிரெய்லரை மட்டும்தான் அவள் சொன்னாள்.

ஆசைக்குக் கெடுவும் வந்தது. சாலை ஓடுகிற நிலம் கைமாறிவிட்டது. புதுச் சொந்தக்காரர் திங்கட்கிழமை காலை தெற்குக் கேட்டை எடுத்துவிட்டு ஏழு வரிசைக் கம்பி இழுக்கப் போகிறார். ஆகவே அதற்கு முந்தின சனி, ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு. மெர்வுக்கு அறுபத்தேழு வயது. இன்னொரு சாலை தேடிப் பிடிக்கிற வயது இல்லை.

பலகையில் பெயர் ஏற ஒரு சாட்சி வேண்டும். முன்னால் போகிறவனுக்குக் கண்ணாடியில் தன் புழுதியைத் தவிர ஒன்றும் தெரியாது. பின்னால் இன்னொருவன் அந்தப் புழுதிக்குள்ளேயே வந்து, டிரெய்லர் எப்படி வருகிறது என்று ரேடியோப் பெட்டியில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். கேட்டுகளைச் சாத்துவதும் அவன் பொறுப்பு. அவனுக்குப் 'புழுதி தின்னி' என்று பெயர். வந்து சேர்ந்ததும் கடைக்கார நோரீன் அவன் காரின் காற்று வடிகட்டியைக் கழற்றிக் கவுண்ட்டர்மேல் தட்டிப் பார்ப்பாள். பழைய சாலையின் மண் மாட்டு ரத்தம் மாதிரிச் சிவப்பு. அது கொட்டினால்தான் சூட்டுக்கோலை எடுப்பாள்.

சாட்சிக்கு மெர்வ் யோசிக்கவே இல்லை. கெல்வின் ட்ரெம்பத் நாற்பது வருஷத்துச் சிநேகிதன். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் பக்கத்துப் பக்கத்தில் முதுகொடிந்தவர்கள். மெர்வின் கல்யாணத்தில் மோதிரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றவன் கெல்வின்தான். போன மாதம் அவனும் ஒரு கூடார டிரெய்லர் வாங்கியிருந்தான். கடையில் வாங்கியது. முத்து வெள்ளை. அதன்மேல் ஈ உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றச் சொல்லுவான்.

சனிக்கிழமை விடியலில் தெற்குக் கேட்டில் இருவரும், குலுக்கலைத் தாங்க, டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டார்கள்.

"உன் பொம்மையையும் இழுத்துட்டு வர்றியா? பவுடர் கலைஞ்சிடுமேடா" என்றான் மெர்வ்.

"உன்னோடது உடைஞ்சா படுக்க இடம் வேணுமில்லே, கிழவா. நீ போ. நான் கேட்டைச் சாத்திட்டு வர்றேன்."

மெர்வ் போனான். கெல்வின் கேட்டைச் சாத்தினான். மெர்வின் கண்ணாடியில் சிவப்புத் திரை விழுந்தது.

சாலை தகரக் கூரையை மல்லாத்திப் போட்டது மாதிரி வரிவரியாக இருந்தது. மெதுவாகப் போனால் வண்டி நடுங்கும், வேகமாகப் போனால் ஓட்டுகிறவன் நடுங்குவான். பத்தாவது கிலோமீட்டரில் மெர்வ் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். நாற்பதாவது கிலோமீட்டரில், அதே பையில் வைத்திருந்த இரண்டு பிஸ்கட்டையும் அது தின்று முடித்திருந்தது.

"கெல், எப்படி வருது?"

"அம்சமா வருது மாப்ளே" என்றது ரேடியோ. "தாய்க்குப் பின்னால கன்னுக்குட்டி வர்ற மாதிரி."

"இடது பக்கம் சத்தம் கேக்குது."

"அது உன் முட்டி."

அரை மணிக்கொரு தரம் கேட்டான். அரை மணிக்கொரு தரம் பதில் அம்சமாகவே வந்தது. ஒட்டக ஓடையின் வறண்ட மணலில் இறங்கி, அக்கரைக் கற்பாறைகள்மேல் ஏறியபோது ஒரு பெரிய குலுக்கல். அதற்கப்புறம்தான் ஆச்சரியம் நடந்தது. கார் திடீரென்று இளங்குதிரையாக இழுக்க ஆரம்பித்தது. பெட்ரோல் முள்ளும் இறங்க மறந்தது.

"கெல், என்னன்னு தெரியலே, வண்டிக்கு இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு."

"எல்லாம் உன் கைவேலைடா. உன் டிரெய்லர் தரையைத் தொடவே இல்லை, மிதந்துக்கிட்டு வருது. என் கண்ணாலயே பாக்குறேனே."

கெல்வின் மெர்வைப் பாராட்டுவது நாற்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மிச்சத் தூரம் முழுக்க விசிலடித்துக்கொண்டே போனான். பல் இல்லாததால் வெறும் காற்றுதான் வந்தது.

வில்கரிக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. கடையிலிருந்து ஊரே வெளியே வந்து நின்றது. ஊர் என்றால் பதினாறு பேர். நோரீன் சூட்டுக்கோலை அடுப்பில் சொருகியிருந்தாள். மெர்வ் இறங்கி, பல்லை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் கையை நீட்டி, "இதோ" என்றான்.

எல்லோரும் அவன் கை காட்டிய இடத்தைப் பார்த்தார்கள். கடை நாய் மட்டும் காருக்குப் பின்னால் போய், காலைத் தூக்கிக்கொண்டு ஒரு டயரைத் தேடியது. கிடைக்காமல் காலை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது.

மெர்வ் பின்னால் போய்ப் பார்த்தான். இழுவைத் தண்டு இரண்டு சாண் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அறுந்து போகாமல் காக்கிற சங்கிலி இரண்டும் பத்திரமாக அந்தத் துண்டையே காத்துக்கொண்டிருந்தன. டிரெய்லர் இல்லை.

அவன் முதலில் நினைத்தது டிரெய்லரைப் பற்றி அல்ல. கெல்வின் பின்னாலேயே வந்தானே, புழுதியில் தெரியாமல் அதன்மேல் மோதிக் கிடக்கிறானோ என்று ரேடியோவை எடுத்தான்.

"கெல், கேக்குதா? உனக்கு ஒண்ணும் ஆகலையே? எங்கேடா இருக்கே?"

"எங்கே இருப்பேன்? உன் பின்னாலதான்" என்றது ரேடியோ, பதினாறு பேருக்கும் கேட்கிற மாதிரி. "டிரெய்லர் அம்சமா வருது மாப்ளே. ஊர் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. நோரீனைச் சூட்டுக்கோலைக் காய வைக்கச் சொல்லு."

மெர்வ் ரேடியோவை அதன் கொக்கியில் மெதுவாக மாட்டினான். குழந்தையைத் தூங்க வைக்கிறவன் மாதிரி.

பத்து நிமிஷம் கழித்துக் கெல்வின் வந்தான். தெற்கிலிருந்து வரவில்லை. கிழக்கிலிருந்து வந்தான். அங்கே பத்துக் கிலோமீட்டர் தள்ளி, மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், நகரசபை சுண்ணாம்புக்கல் கொட்டி மட்டம் பண்ணி வைத்திருக்கும் புதுச் சாலை கூடவே ஓடுகிறது. அவன் டிரெய்லர் கடையில் நின்றது மாதிரியே இருந்தது. வடிகட்டியை நோரீன் கேட்காமலேயே கழற்றினாள். கவுண்ட்டர்மேல் ஒரு தட்டு. வெள்ளையாகக் கொட்டியது.

"இதுல ரொட்டி சுடலாம்" என்றாள் நோரீன்.

கெல்வின் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருக்கிற மாதிரிப் பார்த்தான். "புது வண்டிடா மெர்வ். பெயின்ட்டு போயிடும்னு... நீ எப்படியும் கொண்டு வந்து சேத்துடுவேன்னு எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையிலதான் சொன்னேன்."

"கேட்டைச் சாத்தினியே."

"சாத்தினேனே. அதுல பொய் இல்லையே."

"எந்தப் பக்கம் நின்னு சாத்தினே?"

கெல்வின் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டான்.

"ஒட்டக ஓடையில விழுந்திருக்கு" என்றான் மெர்வ். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு மணி நேரத்துல சங்கிலி போட்டுக் கட்டியிருப்பேன். இந்நேரம் பேரு ஏறியிருக்கும்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. நாளைக்கு எடுத்துட்டு வருவோம், நான் பின்னாலயே…"

நோரீன் சூட்டுக்கோலை எடுத்துத் தண்ணீர் வாளியில் விட்டாள். அது வெகுநேரம் சீறியது. "வெள்ளை கொட்டினவன் இனி எந்தக் காலத்துலயும் சாட்சி இல்லை. பலகைக்கு வழக்கம் அதுதான், கெல்வின். உனக்கு என்ன ஊத்தட்டும்?"

ஞாயிறு காலை மெர்வ் தனியாகத் தெற்கே திரும்பினான். ஒட்டக ஓடைக் கரையில் டிரெய்லர் விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. சமையல் டிராயரைத் திறந்தான். மாவும் முட்டையும் சர்க்கரையும் திராட்சையும் ஒரு பீர் போத்தலும் குலுங்கிக் கலந்து, வெயிலில் வெந்து, டிராயர் வடிவத்தில் ஒரு கேக்காகியிருந்தன. ஒரு துண்டு வெட்டித் தின்றான். நன்றாகத்தான் இருந்தது, உப்புக் கொஞ்சம் கம்மி.

தண்டு முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். அவன் பற்றவைத்த இடம்தான் விட்டிருந்தது. அதன்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. இரும்பு உடைந்தால் உடைந்தேன் என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. மிதந்து வருகிறேன் என்று அது சொல்லவில்லை.

இரண்டு இரும்பு முளையை முறிந்த தண்டுக்கு அணைவாக வைத்து, சங்கிலியும் வேலிக் கம்பியும் சுற்றி இறுக்கி, மத்தியானத்துக்கு மேல் வீட்டுப் பக்கம் கிளம்பினான். ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் ரேடியோ பேசியது.

"மெர்வ். நான் பின்னால வர்றேன். சிவப்புச் சாலையிலதான். சத்தியமா."

கண்ணாடியில் புழுதி தெரிந்தது. மெர்வ் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய், டிரெய்லர் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினான். புழுதி அடங்கும்வரை நிற்கவில்லை. நின்றிருந்தால் பின்னால் வருகிற இன்னொரு வண்டியும் தெரிந்திருக்கும்.

"என் கதவு ஒண்ணு கழண்டு விழுந்துடுச்சுடா" என்றது ரேடியோ. "பெயின்ட்டெல்லாம் போச்சு. வாய் முழுக்க மண்ணு."

பிறகு, "உன் இடது டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துக்கோ."

மெர்வ் இறங்கிப் பார்த்தான். கம்மியாகத்தான் இருந்தது. பம்பால் காற்றடித்துக்கொண்டான். இந்தச் சாலையில் எந்த டயரைச் சொன்னாலும் காற்றுக் கம்மியாகத்தான் இருக்கும்.

இருட்டியதும் அங்கேயே படுத்தான். திங்கள் காலை ஒன்பதரைக்குத் தெற்குக் கேட்டை எட்டியபோது, கேட்டைக் கழற்றிச் சாய்த்துவிட்டு, வேலி போட வந்த டூகால் என்ற ஆள் கம்பிச் சுருளோடு தயாராக நின்றான். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் ஆள் வருகிறானா என்று முன்னால் வருகிறவனைக் கேட்பார்கள். அவன் சொன்னால் அதுதான் பேச்சு, யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

"பெரியவரே, பின்னால யாராச்சும் உண்டா? நீங்கதான் கடைசின்னா இழுத்துக் கட்டிடுவேன்."

மெர்வ் கண்ணாடியைப் பார்த்தான். தொலைவில் ஒரு சிவப்புக் கோடு எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக அதையேதான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். சனிக்கிழமையும் அப்படித்தான் எழும்பியது.

"என் பின்னால யாரும் இல்லைப்பா" என்றான். "நல்லா விசாரிச்சுட்டேன்."

டூகால் முதல் கம்பியை இழுத்து முறுக்கினான். இரண்டாவது, மூன்றாவது. ஏழாவது கம்பி ஏறுகிறவரை மெர்வ் என்ஜினை அணைக்காமல் வேலிக்கு வெளியே நின்று பார்த்தான்.

"மெர்வ்" என்றது ரேடியோ, கரகரத்த குரலில். "கேட்டு பக்கத்துல வந்துட்டேன்னு நினைக்கிறேன். உன் புழுதியில ஒண்ணும் தெரியலே. திறந்துதானே இருக்கு?"

இரண்டு நாளில் முதல் தடவையாக மெர்வ் ரேடியோவை எடுத்தான்.

"அம்சமா வர்றே மாப்ளே" என்றான். "அப்படியே வா."