அழுக்குக் கல்

ஆறாவது நாளும் மூக்கன் எதையும் தொடவில்லை. உடம்பெல்லாம் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை, ஊசி மாதிரி நீண்ட மூக்கு. வரவேற்பறையின் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி வளைய வந்துகொண்டிருந்தது அந்த வண்ணத்துப்பூச்சி மீன். இறால் துண்டு போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிப்பியைப் பிளந்து வைத்தால் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போயே போய்விட்டது. அடம் என்றால் அப்படியொரு அடம்!

வளர்க்கிறவளும் லேசுப்பட்டவள் இல்லை. கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவள். கண்ணுக்கே தெரியாத திருகாணியையெல்லாம் இடுக்கியால் எடுத்து உட்கார வைக்கிற கை. ஆனால் இதே வகை மீன் இரண்டு, இதே தொட்டியில், பட்டினி கிடந்து செத்துப்போயிருந்தன. ஒன்று ஒன்பதாம் நாள், இன்னொன்று பதினோராம் நாள்.

"இதுவும் போச்சுன்னா தொட்டியை யாருக்காவது குடுத்துடலாம்மா," என்றார் பஸ் ஓட்டும் கணவர். "அது சாப்பிடலன்னு நீயும் சாப்பிடறதில்ல. வீட்டுல ரெண்டு பேர் பட்டினி, நான் மட்டும் வெக்கமில்லாம தின்னுட்டிருக்கேன்."

"போனா நானே குடுத்துடறேன். ஆனா போகாது. போக விடமாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயம் பிடுங்கித் தின்றது. மீனின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. மறுநாள் காலை கடையைத் திறக்காமல், மீன் விற்றவனை நறுக்கென்று நாலு கேள்வி கேட்கக் கிளம்பினாள்.

"சீக்கு மீனை என் தலையில கட்டிட்டியே, நல்லா இருக்கா உனக்கு?"

"ஐயோ அக்கா, இங்க இருந்தவரைக்கும் நல்லாத்தான் தின்னுட்டிருந்துச்சு. மீனோட ஒரு கல்லும் குடுத்தேனே, அதைக் கொத்தலையா?"

"அந்தக் கல்லா? அதுல பழுப்பா ஏதோ பூப் பூவா முளைச்சு அசிங்கமா இருந்துச்சு. ஒண்ணு விடாம இடுக்கியால பிடுங்கி, வெந்நீர் ஊத்திக் கழுவி, பளபளன்னு வெச்சிருக்கேன்."

மீன்காரன் தலையில் கைவைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அது கடல் சாமந்திக்கா, பூ மாதிரி இருக்கற ஒரு கடல் உயிரு. மத்தவங்களுக்கு அது களை. இந்த மீனுக்கு அதுதான் சோறு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்! முன்னாடி ரெண்டு மீனோட குடுத்த கல்லையும் இப்படித்தான்…?"

அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். கடிகாரத்துக்குள் ஒரு தூசு இருந்தாலும் உறுத்துகிற கண் அவளுக்கு. சோற்றைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாய் என்று நாள்கணக்கில் கெஞ்சியிருக்கிறாள். இரண்டு உயிர். போட வந்த சண்டை போன இடம் தெரியவில்லை.

அழுதால் மூக்கன் சாப்பிட்டுவிடுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கறதுலயே அழுக்கான கல்லா ரெண்டு எடு."

கற்களைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். மூக்கன் வந்தது, பார்த்தது, பின்வாங்கியது. அவளுக்குக் கால் மரத்துப்போனது, எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஆகும்போது, அப்பாடா, ஒரு கொத்து! அப்புறம் இன்னொன்று.

சாமந்தி தீர்ந்துபோனால்? அதற்கும் வழி பார்த்தாள். கல்லின் பொந்துகளில், சாமந்திகளுக்கு நடுவே, சிப்பிச் சதையைத் துணுக்குத் துணுக்காக இடுக்கியால் செருகினாள். தினமும் மூன்று வேளை. முதலில் சாமந்தியை மட்டும் பொறுக்கிய மூக்கன், பிறகு தெரியாமல் சதையையும் தின்றது, பிறகு தெரிந்தே தின்றது. பன்னிரண்டாம் நாள் அவள் இடுக்கி முனையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு ஓடியது.

கணவருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டார்.

"கல்லு ரொம்ப அழுக்கா இருக்கேம்மா, நான் கழுவித் தரேன்."

"கைய எடுங்க!"

அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். அவர் வெலவெலத்துக் கையை எடுத்தார். அவள் குரல் இறங்கியது.

"முதல் ரெண்டுக்கும் கழுவித்தான் குடுத்தேன். இவனுக்கு இப்படியே இருக்கட்டும். தட்டு எடுத்து வைங்க, எனக்குப் பசிக்குது."